பிலடெல்பியா கலை அருங்காட்சியகம்: கிளம்புவதிலிருந்து திரும்புவது வரை முழு வழிகாட்டி

நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் பிலடெல்பியாவுக்கு ஒருநாள் அழைத்துப் போவது வழக்கம். சுதந்திர மணி, சுதந்திர மண்டபம், அப்புறம் 'ராக்கி' படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஓடி ஏறிய அந்த 72 படிகள். உச்சியில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டதும் வண்டி கிளம்பிவிடும். படிகளுக்குப் பின்னால் நிற்கும் கட்டடத்துக்குள் மதுரையிலிருந்து போன பதினாறாம் நூற்றாண்டுக் கல்மண்டபம் இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மண்டபத்தை மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. அதே கட்டடத்தில் பிரெஞ்சு மடம் ஒன்றின் முற்றம், பெய்ஜிங் மாளிகை ஒன்றின் கூடம், ஜப்பானியத் தேநீர் வீடு, வான்கோவின் சூரியகாந்தி, செசானின் மிகப் பெரிய ஓவியம், மார்செல் துஷாம்பின் உடைந்த கண்ணாடி எல்லாம் இருக்கின்றன.

மொத்தத் தொகுப்பு 2,40,000 பொருட்களுக்கு மேல். எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். ஒரு வருகைக்கு ஏழெட்டு இடம் போதும். ஆனால் பார்க்கிற ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எங்கே இருந்தது, யார் கையால் இங்கே வந்தது? உலகின் பல மூலைகளிலிருந்து பொருள் சேர்த்த ஒரு நகர அருங்காட்சியகத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

செவ்வாயும் புதனும் விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 8:45 வரை திறந்திருக்கும். வெள்ளி மாலை 5 மணிக்குப் பிறகும், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும், நீங்கள் விரும்பிய தொகையைக் கொடுத்து உள்ளே போகலாம். மற்ற நேரங்களில் பெரியவர்களுக்கு 30 டாலர் அளவில் ஆகும். 18 வயது வரை இலவசம். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்புவதற்கு முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முழுக் கட்டணம் கொடுத்து வாங்கும் டிக்கெட் அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்குச் செல்லும். பக்கத்திலேயே இருக்கும், பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் படைப்புகளுக்கான ரோடின் அருங்காட்சியகமும் அதில் அடக்கம். நகரத்தில் ஒரு இரவு தங்குவதாக இருந்தால் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஆறு மணி நேரம் நடப்பதைவிட இரண்டு நாளில் மூன்று மூன்று மணி நேரம் பார்ப்பது கண்ணுக்கும் காலுக்கும் நல்லது.

என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் சரியாக இருக்கும். மூன்று மணிக்குள் போய்விட்டால் இரவு வரை நிதானமாகப் பார்க்கலாம். முதல் ஞாயிறு பணம் மிச்சம், ஆனால் கூட்டம் அதிகம். மதுரை மண்டபத்தில் அமைதியாக நிற்க விரும்புகிறவர்களுக்கு அந்த நாள் ஒத்துவராது.

இன்னொரு முன்வேலையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஓவியத்துக்காகவே போகிறீர்கள் என்றால், அவர்கள் தளத்தில் அதன் பெயரைத் தேடி, இப்போது காட்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஓவியங்கள் வேறு நாட்டுக் கண்காட்சிகளுக்கு இரவலாகப் போகும். காகிதத்திலும் துணியிலும் இருப்பவை, அதாவது ராஜஸ்தான், பஹாரிச் சிற்றோவியங்கள், வங்காளத்துக் காந்தா தையல் விரிப்புகள் போன்றவை, வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை உள்ளே எடுத்து வைக்கப்படும். கல்லும் வெண்கலமும் அப்படி இல்லை. அவை அநேகமாக இடத்திலேயே இருக்கும்.

2. போய்ச் சேர்வதும் வாசல்களும்

நியூயார்க்கிலிருந்து ஆம்ட்ராக் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் 30-ஆம் தெரு நிலையம். அங்கிருந்து ஆற்றங்கரையோரம் நடந்தால் அரை மணிக்குள் வந்துவிடலாம். முதியவர்கள் கூட இருந்தால் டாக்சி பிடித்துவிடுங்கள்.

உடம்பு ஒத்துழைத்தால் நகர மன்றக் கட்டடத்திலிருந்து பெஞ்சமின் பிராங்க்ளின் பார்க்வே வழியாக நடந்து வருவதைத்தான் நான் சொல்வேன். நேர்கோடாக இருக்கும் அந்தச் சாலையில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சிற்பிகளைப் பார்க்கலாம். நகர மன்றத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை அலெக்சாண்டர் மில்ன் கால்டர் செய்தது. நடுவழியில் லோகன் வட்டத்தில் இருக்கும் நீரூற்றின் சிலைகள் அவர் மகன் அலெக்சாண்டர் ஸ்டர்லிங் கால்டருடையவை. அருங்காட்சியகத்தின் பெரிய படிக்கூடத்தில் காற்றில் மெல்லத் திரும்பும் வெள்ளைத் தொங்கு சிற்பம் பேரன் அலெக்சாண்டர் கால்டருடையது. 1964-ல் செய்தது, பெயர் 'ஆவி'. கிறிஸ்தவ நம்பிக்கையின் தந்தை, மகன், தூய ஆவி என்னும் வரிசை இங்கே அப்படியே அமைந்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூட்டுவலி உள்ளவர்களை 72 படிகள் ஏற்ற வேண்டாம். படிகள் கிழக்குப் பக்கம். ஏறி வந்தாலும் கட்டடத்தைச் சுற்றி மேற்கு வாசலுக்கு நடக்க நேரலாம். மேற்கு வாசலில் வண்டியை நிறுத்தி இறக்கிவிடலாம். கெல்லி டிரைவ் பக்கம் சாலை மட்டத்திலேயே ஒரு வடக்கு வாசலும் உண்டு. அது கட்டடத்தின் அடியில் நீளும் வளைவுக் கூரைப் பாதையில் கொண்டுவிடும். 640 அடி நீளமுள்ள அந்தப் பாதை பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியின் புதுப்பிப்புப் பணியின்போது மீண்டும் திறந்தார்கள். அந்தப் பணி 2021-ல் முடிந்தது. ஓடு பதித்த அந்தக் கூரைக்குக் கீழே நடப்பதற்காகவே வடக்கு வாசலைத் தேர்ந்தெடுக்கலாம்.

பெரிய பைகளையும் குளிர் கோட்டுகளையும் வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். முதுகுப் பை மாட்டிக்கொண்டு திரும்பும்போது ஏதாவது இடிபடும் என்பதால் காவலர்கள் விடமாட்டார்கள். சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், தயங்காமல் கேளுங்கள். "எனக்கென்ன, நடப்பேன்" என்று சொல்லும் பெரியவர்கள்கூட இரண்டாவது மணி நேரத்தில் பெஞ்சைத் தேடுவார்கள். காகித மேப் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 200 கூடங்கள் உள்ள கட்டடத்தில் போன் மேப்பைவிட அது உதவும்.

3. கட்டடத்தின் கதை, சுருக்கமாக

அமெரிக்க விடுதலையின் நூறாவது ஆண்டை ஒட்டி 1876-ல் பிலடெல்பியாவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டிய நினைவு மண்டபத்தில்தான் இந்த அருங்காட்சியகம் தொடங்கியது. அப்போது அது கலையைவிடக் கைத்தொழிலுக்கானது. கூடவே ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியும் இருந்தது. இப்போதைய கட்டடம் ஃபேர்மவுண்ட் குன்றின் மேல் 1928-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்தக் குன்றில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் இருந்தது. கீழே ஆற்றங்கரையில் பழைய நீரேற்று நிலையத்தை இன்றும் பார்க்கலாம். கிரேக்கக் கோயில் வடிவத்தில் இருக்கும் இந்த மஞ்சள் நிறக் கட்டடத்தின் வடிவமைப்பில் ஜூலியன் ஏபல் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞருக்குப் பெரும் பங்கு உண்டு. ஹொரேஸ் ட்ரம்பவரின் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் அவர்.

1925 முதல் 1955 வரை இயக்குநராக இருந்த ஃபிஸ்க் கிம்பல் எடுத்த ஒரு முடிவுதான் இந்த இடத்தின் முகம். ஓவியத்தைச் சுவரில் மாட்டி, சிலையைப் பீடத்தில் வைத்தால் போதாது. அந்தக் காலத்து அறையையே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று அவர் நினைத்தார். நாடு நாடாகக் கூடங்கள், வாசல்கள், முற்றங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அதனால் இங்கே ஒரு வளைவைத் தாண்டினால் வேறொரு நாட்டுக்குள் நிற்பீர்கள்.

4. லேபிளை எப்படிப் படிப்பது

பெயர், ஆண்டு, ஊர் என்று வழக்கமான விவரங்களோடு, பெரும்பாலான லேபிள்களின் கடைசி வரியில் யார் கொடுத்தது, எந்த நிதியில் வாங்கியது என்பது இருக்கும். கூடவே ஒரு பதிவு எண். அந்த எண்ணின் முதல் பகுதி பொருள் தொகுப்பில் சேர்ந்த ஆண்டு. மதுரை மண்டபத்தின் எண் 1919-714. துஷாம்பின் 'படியிறங்கும் நிர்வாண உருவம், எண் 2' என்ற ஓவியத்துக்கு 1950-134-59. அந்த ஆண்டை வைத்து, அப்போது உலகில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பருத்தி வியாபாரியின் பணம், ஒரு வழக்கறிஞரின் உயில், சோவியத் அரசின் அவசரத் தேவை எல்லாம் அந்தச் சின்ன எழுத்தில் இருக்கின்றன. அழகைப் பார்த்து முடித்த பிறகு படித்தால் போதும், ஆனால் படியுங்கள்.

5. நேராக மேல் தளத்துக்கு: மதுரை மண்டபம்

உள்ளே நுழைந்ததும் கால் தெம்பாக இருக்கும்போதே இங்கே போங்கள். பெரிய படிக்கூடத்தில் ஏறினால் உச்சியில் வில்லேந்தி ஒற்றைக் காலில் நிற்கும் தங்க முலாம் பூசிய டயானா, ரோமானியரின் வேட்டைத் தெய்வம், தென்படுவாள். அகஸ்டஸ் செயின்ட்-கோடன்ஸ் வடித்த இந்தச் சிலை முன்பு நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கோபுரத்தின் உச்சியில் காற்றுக்குத் திரும்பியபடி நின்றது. அந்தக் கட்டடத்தை 1925-ல் இடித்த பிறகு, 1932-ல் இங்கே வந்தது. அவளைக் கடந்து, மேப்பில் தெற்காசியக் கூடங்களைக் குறி வைத்து நடங்கள். படி வேண்டாம் என்றால் லிஃப்ட் இருக்கிறது.

மண்டபம் 1560-ஐ ஒட்டியது. மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆண்ட காலம். இடம், மேல மாசி வீதியில் இருக்கும் மதனகோபால சுவாமி கோயில். கூடலழகர் கோயிலுக்குப் பக்கத்தில்தான். கருங்கல் தூண்களில் ஆளுயர உருவங்கள் எதிரெதிரே நிற்க, நடுவே நீங்கள் நடந்து போகலாம். கருடன், அனுமன், திருமாலின் அவதாரங்கள், முனிவர்கள். மேலே ராமாயணக் காட்சிகள் செதுக்கிய பலகைக் கற்கள். புது மண்டபத்தையும் அழகர் கோயிலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை புதிதல்ல. புதிது என்று சொன்னால், வெளிச்சமும் அமைதியும் கிடைத்து, தூணுக்கு முன்னால் கடையோ கம்பியோ இல்லாமல், ஒவ்வொரு உருவத்தையும் தலை முதல் கால் வரை பார்க்க முடிவதுதான்.

எப்படி வந்தது? பிலடெல்பியாவைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற இளம்பெண் 1912-ல் மதுரைக்குப் போனபோது, கோயில் வளாகத்தில் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்த கற்களை விலைக்கு வாங்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் பணிசெய்த கிப்சன் 1919-ல் அங்கேயே இறந்துபோனார். அவர் நினைவாகக் குடும்பத்தார் இந்தக் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். பதிவு எண்ணில் இருக்கும் 1919 இதுதான். பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சமஸ்கிருதப் பேராசிரியர் டபிள்யூ. நார்மன் பிரவுன் மதுரைக்குப் போய் விவரம் சேகரித்து, எந்த உருவம் யார் என்று ஆராய்ந்தார். இந்தக் குன்றின் மேல் கட்டடத்தில் மண்டபமாக நிறுத்தியது 1940-ல். பிரிந்து கிடந்த கற்களை வைத்து அமைத்த மண்டபம் இது. மதுரையில் நின்ற அதே வரிசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோயில் கல்லை ஒருவர் விலைக்கு வாங்கிக் கப்பலேற்ற முடிந்திருக்கிறது என்பது நெஞ்சில் தைக்கத்தான் செய்யும். அன்றைக்கு ஆட்சி பிரிட்டிஷார் கையில். இன்றைக்கு இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இப்படி ஒரு பொருளைத் தனியார் வெளியே கொண்டுபோகவே முடியாது. அதே சமயம், இந்தக் கற்கள் பேணப்பட்டிருக்கும் விதமும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். குழந்தைகள் கேட்டால் மழுப்பாமல் முழுக் கதையையும் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

பார்க்கும் முறை ஒன்று சொல்கிறேன். முதலில் நிற்காமல் நடுவழியில் ஒருமுறை முழுக்க நடந்து போய்விடுங்கள். மண்டபம் என்பது உள்ளே நடப்பதற்காகக் கட்டியது. முதலில் அந்த உணர்வு வரட்டும். அப்புறம் திரும்பி வந்து ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். கிரீடம், காது, கையில் என்ன இருக்கிறது, இடுப்பு வளைவு, பாதம் என்று மேலிருந்து கீழே வாருங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று, சிற்பி தூணிலிருந்து உருவத்தை எவ்வளவு வெளியே எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். வீட்டில் கோயிலுக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் "இது யாரு?" என்று கேளுங்கள். லேபிளில் இல்லாத விவரம் பாட்டி வாயிலிருந்து வரும்.

தொட மட்டும் வேண்டாம். நம் ஊரில் தூணைத் தொட்டுக் கும்பிடுவது இயல்பு. இங்கே கை பரபரக்கும். ஆனால் தோலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் வருடக்கணக்கில் படிந்து கல்லின் மேற்பரப்பை மாற்றிவிடும். கைகூப்பிக் கும்பிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஃபிளாஷ் போடாமல் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக் கூடங்களில் இருக்கும் இந்தியத் தொகுப்பு இந்த அளவுக்கு வளர்ந்ததற்கு ஸ்டெல்லா கிராம்ரிஷ் பெரிய காரணம். 1896-ல் பிறந்த ஆஸ்திரியப் பெண், வியன்னாவில் படித்தவர். சாந்திநிகேதனில் கற்பித்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்து, 1950-ல் பிலடெல்பியாவுக்கு வந்தார். 1954 முதல் இங்கே இந்தியக் கலைக்குக் காப்பாட்சியர். 1981-ல் சிவன் வடிவங்களை மட்டும் வைத்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார். கோயில் சிற்பத்தை எவ்வளவு கவனித்தாரோ அதே அக்கறையோடு கிராமத்துப் பெண்கள் தைத்த காந்தா விரிப்புகளையும் சேகரித்தார். காட்சியில் இருக்கும் நேரத்தில் போனீர்கள் என்றால் அவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். பழைய சேலைத் துணிகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலிலேயே யானையும் ரயிலும் தைத்திருப்பார்கள்.

6. அதே தளத்தில் கொஞ்ச தூரம்

தெற்காசியாவைத் தாண்டினால் சீனாவும் ஜப்பானும். பெய்ஜிங்கில் ட்சாவ் பிரபுவின் மாளிகையில் இருந்த வரவேற்புக் கூடம் முழுசாக நிற்கிறது; மிங் காலத்தின் இறுதியை ஒட்டியது. மேலே அண்ணாந்து பாருங்கள், மரவேலையும் வண்ணமும் அங்கேதான் இருக்கின்றன. பெய்ஜிங் ஜிஹ்வா கோயிலின் மரக்கூரையும் ஒன்று இங்கே இருக்கிறது. அதே கோயிலின் இன்னொரு கூரை கேன்சஸ் நகர அருங்காட்சியகத்தில். ஜப்பானியத் தேநீர் வீடு 1917-ஐ ஒட்டி ஓகி ரோடோ என்ற கலைஞர் அமைத்தது. உள்ளே போக முடியாது. வெளியே நின்று, மூங்கிலும் மண்சுவரும் எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மதுரைக் கல்லைப் பார்த்த கண்ணோடு நேராக இந்த வீட்டுக்கு வருவது எனக்குப் பிடித்த பாதை. அங்கே ஒரு விரல்கடை இடம்கூட செதுக்காமல் விடவில்லை. இங்கே சுவரை வெறுமனே விட்டிருக்கிறார்கள்.

படிக்கூடத்தின் மறுபக்கம் ஐரோப்பா. பிரான்சின் தெற்கே செயின்ட்-ஜெனி-தெ-ஃபோன்தேன் மடத்தின் முற்றத்தை நடுவில் நீர்த்தொட்டியோடு அமைத்திருக்கிறார்கள். பெஞ்ச் இருக்கும், பெரியவர்களை இங்கே உட்கார வையுங்கள்.

வான் ஐக்கின் 'புனித பிரான்சிஸ்' ஓவியத்தைத் தேடிப் பிடியுங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும், உயரம் 12 சென்டிமீட்டர் சொச்சம். அவசரமாக நடந்தால் கண்ணில் படாது. கிட்டப் போய்ப் பார்த்தால் பின்னால் ஒரு முழு நகரம், ஆறு, பாறை அடுக்கு எல்லாம் தெரியும். இதைச் சேகரித்தவர் ஜான் ஜி. ஜான்சன் என்ற பிலடெல்பியா வழக்கறிஞர். 1917-ல் இறந்தபோது தன் ஓவியங்கள் அத்தனையையும் நகரத்துக்கு எழுதி வைத்தார். ரோகியர் வான் டெர் வெய்டனின் 'சிலுவையேற்றம்' அவர் கொடுத்ததுதான். செக்கச்சிவந்த துணிக்கு முன்னால் கிறிஸ்துவும் அழும் தாயும். ஐரோப்பிய ஓவியம் பழக்கமில்லாதவர்களையும் அது நிறுத்திவிடும்.

ரூபென்ஸின் 'கட்டுண்ட ப்ரொமீதியஸ்', கழுகு ஈரலைக் கொத்தும் கிரேக்கப் புராணக் காட்சி, பெரியது, பயங்கரமானது. அதில் கழுகை மட்டும் வரைந்தவர் ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ். டர்னர் வரைந்த 'நாடாளுமன்றம் எரிதல்', 1834 அக்டோபரில் லண்டனில் நடந்த தீ விபத்தை நேரில் பார்த்தவரின் கை. பருத்தி வியாபாரி ஜான் மெக்ஃபேடன் சேர்த்தது. பூஸான் வரைந்த 'வீனஸின் பிறப்பு' 1932-ல் சோவியத் ரஷ்யாவிடமிருந்து வாங்கியது. அந்நியச் செலாவணிக்காக ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை அந்த அரசு விற்ற காலம் அது.

சிறுவர்கள் இருந்தால் இந்தத் தளத்தை விட்டு இறங்குமுன் கவச, ஆயுதக் கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். குதிரைக்கும் இரும்புக் கவசம் மாட்டியிருக்கும். சலிப்பில் இருந்த பிள்ளைகள் அங்கே உயிர்பெறுவார்கள்.

7. சாப்பிட்டுவிட்டுக் கீழ்த் தளம்

இந்த இடத்தில் இடைவேளை அவசியம். கூடங்களுக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது. உள்ளேயே கஃபே இருக்கிறது. சைவம் கிடைக்கும், தேர்வு அதிகம் இருக்காது. பசிக்கு முன்பே தயாராக வேண்டும் என்றால், காலையிலேயே நகர மன்றம் பக்கத்தில் 1893-லிருந்து நடக்கும் ரீடிங் டெர்மினல் சந்தையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கீழ்த் தளத்தில் வான்கோவின் சூரியகாந்தியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, வண்ணம் எவ்வளவு தடிமனாக ஏறியிருக்கிறது என்று பக்கத்திலிருந்து பாருங்கள். அச்சுப் படத்தில் வராத விஷயம் அது ஒன்றுதான். செசானின் 'பெரிய நீராடும் பெண்கள்' ஏழாண்டு வேலை. 1906-ல் அவர் இறந்தபோதும் முடியவில்லை. இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம். பல இடங்களில் வெறும் கித்தான் தெரியும். எட்டி நின்று பாருங்கள்: மரங்கள் இரு பக்கமிருந்தும் சாய்ந்து கோபுரமாகக் கூடும். 1937-ல் நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்தபோது பெரும் விலை கொடுத்து வாங்கியதால் ஊரில் அன்றைக்கு எதிர்ப்பும் கிளம்பியது.

அடுத்து மார்செல் துஷாம்ப். உலகில் வேறெங்கும் அவருடைய படைப்புகளை இவ்வளவு சேர்த்துப் பார்க்க முடியாது. லூயிஸ், வால்டர் ஆரென்ஸ்பெர்க் தம்பதி தங்கள் தொகுப்பை 1950-ல் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அது நடக்க துஷாம்பே உதவினார். 'படியிறங்கும் நிர்வாண உருவம்' 1913-ல் நியூயார்க்கில் காட்டப்பட்டபோது பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. பக்கத்தில் 'பெரிய கண்ணாடி'. 1915 முதல் 1923 வரை செய்து, முடிக்காமலேயே விட்டது. ஒரு கண்காட்சி முடிந்து வண்டியில் போனபோது நொறுங்கியது. 1936-ல் அவரே உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டினார். விரிசல்களை அப்படியே ஏற்றுக்கொண்டார். பின்னால் போயும் பாருங்கள்.

அந்தக் கூடத்தை ஒட்டி, இருட்டறையில் ஒரு பழைய மரக்கதவும் அதில் இரண்டு சின்னத் துளைகளும் இருக்கும். 1946 முதல் இருபது ஆண்டுகள் யாருக்கும் சொல்லாமல் அவர் செய்த கடைசிப் படைப்பு அதற்குப் பின்னால். அவர் 1968-ல் இறந்த பிறகு, 1969-ல்தான் உலகம் பார்த்தது. துளை வழியே தெரிவது புல்லில் கிடக்கும் நிர்வாணப் பெண் உருவம். குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு, காட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

அமெரிக்கக் கலையில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் தாமஸ் ஈகின்ஸின் 'கிராஸ் மருத்துவக்கூடம்'. 1875-ல் வரைந்தது. டாக்டர் சாமுவேல் கிராஸ் மாணவர்கள் நடுவே ஒரு தொடை எலும்பு அறுவை சிகிச்சையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார், விரலில் ரத்தம். 1876 கண்காட்சியின் கலைப் பிரிவு இதை ஏற்கவில்லை. ராணுவ மருத்துவமனைப் பகுதியில் மாட்டினார்கள். 2006-ல் இதை 6.8 கோடி டாலருக்கு வெளியூருக்கு விற்க முடிவானபோது, ஊர்க்காரர்கள் நிதி திரட்டி அதே விலைக்குத் தக்கவைத்தார்கள். பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தோடு கூட்டாக வைத்திருப்பதால் எல்லா நேரமும் இங்கே இருக்காது, முன்கூட்டியே பாருங்கள்.

8. இரண்டாம் நாள் இருந்தால்

அதே டிக்கெட்டில் ரோடின் அருங்காட்சியகம், பார்க்வேயில் பத்துப் பதினைந்து நிமிட நடை. திரையரங்கு முதலாளி ஜூல்ஸ் மாஸ்ட்பாம் சேர்த்த தொகுப்பு, 1929-ல் திறந்தது. வாசலில் 'சிந்தனையாளர்', உள்ளே போகும் முகப்பில் 'நரகத்தின் வாயில்'. அந்த வாயிலின் முதல் வெண்கல வார்ப்புகளில் ஒன்று இது. முற்றத்துத் தோட்டம் சின்னது, நன்றாக இருக்கும். அதன் திறப்பு நாட்கள் பெரிய அருங்காட்சியகத்திலிருந்து வேறுபடலாம், பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் பார்ன்ஸ் தொகுப்பு என்ற இன்னொரு கலை அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட், தனி நாள். இரண்டையும் ஒரே பிற்பகலில் திணிக்காதீர்கள்.

வெள்ளி இரவு வரை இருந்து நியூயார்க் திரும்புகிறவர்கள் கடைசி ரயில்களின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பை வைத்த இடத்தில் மூடும் நேரத்தில் வரிசை நிற்கும். எட்டே காலுக்கு இறங்கி வந்து கோட்டை வாங்கிக்கொண்டால் நிலையத்துக்கு நிதானமாகப் போகலாம்.